சைவப் பட்டியல்

மகளிர் விடுதியின் துணைக் காப்பாளர் பொறுப்பை எவரும் கேட்டுப் பெறுவதில்லை. மூத்த பேராசிரியை ஒருவர் ஓய்வு பெற்ற ஆண்டில், ‘இயலாது’ என்று சொல்லத் தெரியாத காரணத்தால் அது நம்மிடம் வந்து சேர்ந்தது. சங்க இலக்கியமும் இலக்கணமும் நடத்திக்கொண்டிருந்த நமக்கு, அன்றுமுதல் பருப்பு மூட்டையின் எடையும் எரிவாயு உருளையின் எண்ணிக்கையும் பாடமாயின.

கல்வியாண்டின் தொடக்கத்தில் விடுதிப் பதிவேட்டை நிரப்புவார்கள். பெயர், ஊர், பெற்றோர் பெயர், குருதி வகை என்று வரிசையாகச் செல்லும் கட்டங்களில் கடைசியாக நிற்பது ‘சைவம் / அசைவம்’. நான்கு பெண்களில் ஒருத்தியாவது அங்கே ‘சைவம்’ என்று எழுதிவிடுகிறாள். முதலிரண்டு ஆண்டுகள் இதில் நமக்கு வியப்பேதும் தோன்றவில்லை. சைவம் குறித்த பொருள் குறைவு, தகராறும் குறைவு. சமையற்காரருக்கும் நிம்மதி, காப்பாளருக்கும் நிம்மதி.

ஆனால் கணக்கு உதைக்கிறது. இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் 2014 இல் எடுத்த மாதிரிப் பதிவு அடிப்படைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் சைவ உணவினர் நூற்றுக்கு மூவரைக்கூட எட்டவில்லை. ஊரில் நூற்றுக்கு மூவராக இருப்பவர் விடுதிக்குள் நுழைந்ததும் எவ்வாறு இருபத்தைந்து பேர் ஆகின்றனர்? இக்கேள்வியை நாம் நெடுநாள் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்கு நமக்கே உரிய காரணம் ஒன்று இருந்தது. அதைப் பின்னர் சொல்வோம்.

சென்ற ஆண்டு புறநானூற்றின் பதினான்காம் பாடலை நடத்திக்கொண்டிருந்தோம். சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதன் கபிலரின் கையைப் பற்றி, ‘மெல்லியவாக இருக்கின்றனவே’ என்கிறான். யானையை அடக்கியும் வில்லை வளைத்தும் காய்த்துப்போன கை அரசனுடையது. இறைச்சியும் துவையலும் சோறும் உண்டு வருந்துவதைத் தவிர வேறு தொழில் அறியாத கை பாடுவோருடையது, அதனால்தான் மெல்லியது என்று கபிலர் விடையிறுக்கிறார். வகுப்பில் சிரிப்பு எழுந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு பெண், “அம்மா, கபிலர் அந்தணர்தானே?” என்று கேட்டாள்.

“ஆமாம்.”

“அப்போ விடுதியில சேர்ந்திருந்தா எந்தப் பக்கம் எழுதியிருப்பார்?”

வகுப்பு மீண்டும் சிரித்தது. நாமும் சிரித்துவிட்டு அடுத்த பாடலுக்குச் சென்றோம். ஆனால் அவ்வினா உடன் வந்துகொண்டே இருந்தது. சொற்களைத்தாம் பாருங்கள். சங்க நூல்களில் ‘கறி’ என்றால் மிளகு. இன்று சிலர் வீட்டில் அது காய், பலர் வீட்டில் ஆட்டிறைச்சி. ‘சைவம்’ என்பது சிவனை முதலாகக் கொண்ட சமயத்தின் பெயர். அச்சமயத்தின் அறுபத்துமூவருள் ஒருவரான கண்ணப்பர், பன்றியிறைச்சியைத் தாம் சுவைத்துப் பார்த்து நல்லதை இறைவனுக்குப் படைத்தவர். ஈழத்தார் ‘மரக்கறி’ என்பதில் இத்தகைய குழப்பமில்லை. நாமோ ஒரு சமயத்தின் பெயரையே தட்டுக்கு வைத்துவிட்டோம். அதனால் ‘சைவம்’ என்று ஒருவர் சொன்ன மாத்திரத்தில் அதற்கு ஒரு தூய்மையும் மதிப்பும் சேர்ந்துகொள்கின்றன. மதிப்புள்ள விடையை யாரும் மறுவினா கேட்பதில்லை.

அக்டோபரில் அகமதிப்பீட்டுத் தேர்வு நடந்தது. நாம் கண்காணிப்பாளராக இருந்த அறையில், விடைத்தாளை நீட்ட எழுந்த இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி மேசையைப் பற்றிக்கொண்டு அப்படியே சரிந்தாள். முகத்தில் நீர் தெளித்து, தானியில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். குருதிப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.4 என்று வந்தது. பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும்.

பணியிலிருந்த மருத்துவர் நம் மகள் வயதுடைய இளம்பெண். “இந்தப் பொண்ணு என்ன சாப்பிடுறா?” என்றார்.

“சைவம்” என்றோம். அதைச் சொல்லும்போது நம் குரலில் சற்றே ஒரு பெருமிதம் இருந்ததோ என்று இப்போது ஐயுறுகிறோம்.

மருத்துவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். “எதைச் சாப்பிடுறதில்லைன்னு கேக்கல மேடம். என்ன சாப்பிடுறான்னு கேட்டேன்.”

நமக்கு விடை தெரியவில்லை. மூன்றாண்டுகளாக அந்த உணவுக்கூடத்தின் கணக்கில் கையெழுத்திட்டு வந்த நமக்கு, நம் பொறுப்பிலுள்ள ஒரு பெண்ணின் தட்டில் என்ன இருக்கிறதென்று தெரியவில்லை.

அடுத்த வாரம் முழுவதும் மூன்று வேளையும் விடுதியிலேயே உண்டோம். காலையில் இரண்டு இட்லி, தண்ணீராக ஒரு சாம்பார், ஒரு குவளைத் தேநீர். மதியம் சோறு, பருப்பைத் தேட வேண்டிய குழம்பு, உருளைக்கிழங்கோ முட்டைக்கோசோ, அப்பளம், நீர்மோர். இரவு மூன்று தோசை அல்லது சேமியா, உடன் மீண்டும் தேநீர். புதன் இரவிலும் ஞாயிறு மதியத்திலும் கோழிக்கறி உண்டு. அதற்கும் முட்டைக்கும் தனியே டோக்கன் வாங்க வேண்டும். சைவப் பெண்களுக்கு அந்நாள்களில் ஒரு வாழைப்பழம். கோழிக்கு ஈடு வாழைப்பழம் என்று எந்த நூல் சொல்லிற்றோ, அறியோம்.

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020 இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வயதுவந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும். ஆணுக்கு 19 போதும். மாதந்தோறும் குருதியை இழப்பவளுக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தேவை. நம் வீடுகளிலோ விடுதிகளிலோ பெண்ணின் தட்டு ஆணின் தட்டைவிடப் பெரிதாக இருந்ததை நாம் கண்டதில்லை. தாவர உணவிலுள்ள இரும்பை உடல் குறைவாகவே ஏற்கும். எலுமிச்சை, நெல்லி போன்ற புளிப்பு உடனிருந்தால் ஏற்பது கூடும், உணவோடு தேநீர் அருந்தினால் குறையும். நாமோ சோற்றுக்குப் பக்கத்திலேயே தேநீர்க் குவளையை வைத்துக்கொண்டிருந்தோம். 2019-21 இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்குக் குருதிச்சோகை இருப்பதாகக் கூறுகிறது. பெரும்பாலும் புலால் உண்ணும் மாநிலத்தில் பாதிக்கு மேற்பட்ட பெண்கள் வெளிறியிருக்கிறார்கள். எனவே குற்றத்தைச் சைவத்தின் மீது ஏற்றுவது எளிது, ஆனால் சரியன்று.

பட்டியலில் இருந்த பெண்களிடம் ஒவ்வொருவராகப் பேசினோம். அறையில் உட்கார வைத்துக் கேட்டால் பேசமாட்டார்கள் என்பதால், மாலையில் துணி காயப்போடும் மொட்டைமாடியில் பேசினோம்.

பிறப்பிலேயே சைவக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் ஐந்தாறு பேர். வீட்டில் பருப்புப்பொடி, கீரை மசியல், கூட்டு, கெட்டித்தயிர், மாலையில் சுண்டல் என்று உண்டு வளர்ந்தவர்கள். தலைமுறை தலைமுறையாகப் புலாலை விலக்கிய வீடுகளுக்கு அவ்விடத்தை எதைக்கொண்டு நிரப்புவது என்பது தெரிந்திருந்தது. நம் விடுதிக்குத் தெரியவில்லை. ஒருத்தி தன் வீட்டுப் பருப்புப்பொடியை மருந்துபோல அளந்து வைத்து, மாதக் கடைசி வரை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

நுண்ணுயிரியல் படிக்கும் ஒருத்தி, கூண்டுகளில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கோழிகளைக் கொண்டுசெல்லும் வண்டியைக் கண்ட நாளிலிருந்து புலாலை விட்டவள். பாலையும் விட்டுவிட்டாள். வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் கைவசம் வைத்திருக்கிறாள். விலங்குணவு இல்லாதோருக்கு வைட்டமின் பி12 கிடைக்காது என்பதறிந்து மருத்துவர் சொன்ன மாத்திரையையும் உட்கொள்கிறாள். விடுதியிலேயே நல்ல ஹீமோகுளோபின் அளவு அவளுடையது. அவளுக்கு அருள் இருந்தது, அறிவு இருந்தது, செலவுக்குத் தந்தையின் ஏ.டி.எம். அட்டையும் இருந்தது.

மற்றவர்களின் காரணங்கள் வேறு. புரட்டாசிக்காக விட்டதை மீண்டும் தொடங்காமல் இருப்பவள். உடல் மெலிய வேண்டும் என்று விட்டவள், அவளோ சோற்றையும் விட்டிருந்தாள். விடுதிக் கோழிக்கறியின் வாடை பிடிக்காதவள். அறைத்தோழியர் மூவரும் சைவமாதலால் நான்காமவளாகத் தானும் ஆகிவிட்டவள். “அவங்க ஒண்ணும் சொல்லலைம்மா. ஆனா நான் சாப்பிட்டுட்டு வந்தா ஜன்னலத் திறந்து வைக்கிறாங்க” என்றாள். 2018 இல் சென்னை ஐ.ஐ.டி.யின் உணவுக்கூடம் ஒன்றில் சைவருக்கும் அசைவருக்கும் தனித்தனி வாயில் அறிவிப்பு ஒட்டப்பட்டதும், 2023 இல் மும்பை ஐ.ஐ.டி. விடுதியில் ‘சைவர் மட்டும் அமரும் இடம்’ என்ற சுவரொட்டி தோன்றியதும் செய்திகளாயின. திறந்து வைக்கப்படும் ஜன்னல் எந்தச் செய்தித்தாளிலும் வருவதில்லை.

தேர்வறையில் மயங்கி விழுந்தவள் எல்லோருக்கும் கடைசியாகப் பேசினாள். தாய் பீடி சுற்றுபவர். தந்தை இல்லை. பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை சத்துணவில் உண்டவள். 2010 முதல் வாரத்தில் ஐந்து நாளும் சத்துணவில் முட்டை உண்டு. பள்ளியில் அரசு கொடுத்த முட்டையைக் கல்லூரிக்கு வந்ததும் நாம் டோக்கன் ஆக்கிவிட்டோம்.

“உனக்கு முட்டை பிடிக்காதா?”

“பிடிக்கும்மா.”

“பிறகு ஏன் சைவம் என்று எழுதினாய்?”

சற்று நேரம் கொடியில் கிடந்த துப்பட்டாவின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். “டோக்கன் வாங்கலைன்னா ஏன் வாங்கலைன்னு கேப்பாங்க. சைவம்னு எழுதிட்டா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்கம்மா.”

அவள் இறங்கிச் சென்ற பிறகும் நாம் மாடியிலேயே நின்றோம். ஏனெனில் அவ்வாக்கியம் நமக்குப் புதிதன்று.

1999 இல் முதுகலைத் தமிழ் படிக்க மதுரைக்கு வந்தோம். தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரச் சிற்றூர் நம்முடையது. தாயார் கருவாட்டுக் கூடையைத் தலையில் சுமந்து உள்நாட்டு ஊர்களில் தெருத்தெருவாக விற்றவர். நெத்திலி, சாளை, வாளை. நம் இளங்கலைக் கட்டணம் முழுவதும் அக்கூடையிலிருந்தே வந்தது. பள்ளி நாள்களில் நம் புத்தகப்பையை முகர்ந்து மூக்கைப் பிடித்துக்கொண்டவர்களை நாம் மறக்கவில்லை. மதுரையில் நம் அறைத்தோழி நெல்லைச் சைவக் குடும்பத்துப் பெண். முதல் நாள் இரவு அவள் தன் வீட்டுப் புளியோதரையைப் பிரித்து வைத்து, “நீங்களும் சைவந்தானே?” என்று இயல்பாகக் கேட்டாள். அதில் இழிவு இல்லை, வஞ்சனை இல்லை. ஓர் இலையில் இருவரும் உண்ணலாம் என்ற மகிழ்ச்சி மட்டுமே இருந்தது.

“ஆமாம்” என்றோம்.

ஒரு சொல்தான். அது இரண்டாண்டுகள் நீண்டது. பதிவேட்டிலும் அதையே எழுதினோம். உணவுக்கட்டணத்தில் சிறுதொகை மிச்சமாயிற்று. அதைவிடப் பெரிய மிச்சம், ‘உங்கள் வீட்டில் என்ன தொழில்?’ என்ற கேள்வி நம்மை நோக்கி வராததாகும்.

முதல் பருவத்தின் இடையில் ஒருநாள் தாயார் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். விடுதி வாயிலில், பழைய ஹார்லிக்ஸ் புட்டி நிறைய நெத்திலிக் கருவாட்டுப் பொடி. துணியால் சுற்றி, அதன்மேல் நெகிழிப்பை கட்டி, அதற்கும் மேல் மீண்டும் ஒரு துணி. வாடை வரக்கூடாதென்று அவரே எண்ணிச் சுற்றியிருக்கிறார். நாம் அதை வாங்கும்போது சுற்றுமுற்றும் பார்த்தோம். உள்ளே அழைக்கவில்லை. வகுப்பு இருக்கிறதென்று சொல்லி அரைமணி நேரத்தில் பேருந்து ஏற்றிவிட்டோம். பிறகு புட்டியை அறைக்குக் கொண்டுசெல்லாமல், விடுதியைப் பெருக்கித் துடைக்கும் அக்காவிடம் கொடுத்தோம். மறுவாரம் அவர் புட்டியைக் கழுவிக் காயவைத்துத் திருப்பித் தந்தார். “ரொம்ப நல்லா இருந்துச்சு பாப்பா. பிள்ளைங்க அடிச்சுக்கிட்டுச் சாப்பிட்டுச்சுங்க. உங்க அம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு” என்றார்.

நாம் சொல்லவில்லை. விடுமுறையில் ஊருக்குப் போய், “நான் கவிச்சி விட்டுட்டேன்” என்று மட்டும் சொன்னோம். தாயார் ஏனென்று கேட்கவில்லை. நமக்கென்று ஒரு சிறுசட்டியைத் தனியே எடுத்து வைத்தார். பொய்யாகத் தொடங்கியது பழக்கமாயிற்று. நாவும் மறந்துவிட்டது. இன்றுவரை நாம் சைவம்தான். விடுதிப் பதிவேட்டில் அத்தனை ‘சைவம்’ இருந்தும் நாம் மறுவினா கேட்காததன் காரணம் இதுவே. கேட்டால் முதலில் நம்மைக் கேட்க வேண்டியிருக்கும்.

வள்ளுவர் ‘புலால் மறுத்தல்’ அதிகாரத்தை வைத்த இடத்தை இப்போது வேறு கண்ணோடு பார்க்கிறோம். அது இருபத்தாறாம் அதிகாரம், துறவறவியலில் உள்ளது. அதற்கு முன்னே நிற்பது ‘அருளுடைமை’. முதலில் அருள், அதன் விளைவாகவே மறுத்தல். உள்ளவன் ஒன்றை மறுப்பதுதான் துறவு. இல்லாதவள் ‘வேண்டாம்’ என்பதற்கு அப்பெயர் பொருந்துமா? புலால் மறுத்தலை உயிராகக் கொண்ட வள்ளலார் 1867 இல் வடலூரில் முதலில் மூட்டியது அடுப்பு. சத்திய தருமச்சாலையில் பசித்து வருவோர் வயிறார உண்டனர். மணிமேகலை துறவு பூண்டவள், கையில் ஏந்தியது அமுதசுரபி. புலாலை மறுத்த மரபுகள் பசியையும் சேர்த்தே மறுத்தன. நம் விடுதிப் பெண்களோ சைவம் உண்ணவில்லை, அசைவம் போக எஞ்சியதை உண்டார்கள். இரண்டுக்கும் உள்ள தொலைவு 7.4 என்னும் எண்ணில் இருந்தது.

பெரிய சீர்திருத்தம் எதையும் நாம் செய்துவிடவில்லை. முட்டைக்கு டோக்கன் எடுக்கப்பட்டது. வேண்டுவோர் எடுத்துக்கொள்ளலாம், வேண்டாதோருக்கு அவித்த கொண்டைக்கடலை. குழம்பில் பருப்பின் அளவு கூட்டப்பட்டது. வாரம் இருமுறை முருங்கைக்கீரை. சோற்றுடன் எலுமிச்சைத் துண்டு. தேநீர் உணவு நேரத்திலிருந்து மாலைக்கு மாற்றப்பட்டது, இதற்குத்தான் எதிர்ப்பு மிகுதி. செலவு தலைக்குச் சிறிது கூடியது. முதல்வர் அறையில் இரண்டு முறை விளக்கம் சொல்ல நேர்ந்தது. பதிவேட்டின் கடைசிக் கட்டத்தை நீக்கிவிட்டோம். யார் எதை உண்கிறார்கள் என்பது அன்றன்று தட்டில் தெரிந்தால் போதும். மயங்கி விழுந்த மாணவிக்கு இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துச் சில மாதங்களில் 10.8 வந்திருக்கிறது. அறைத்தோழியரின் ஜன்னலுக்கு மட்டும் நம்மிடம் மருந்தில்லை. அதற்கு எந்தச் சுற்றறிக்கையும் உதவாது.

பொங்கலுக்கு ஊருக்குச் சென்றிருந்தோம். தாயாருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. கூடையை இறக்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. மாட்டுப்பொங்கல் அன்று எல்லோருக்கும் குழம்பு ஒருபுறம் கொதிக்க, நமக்கான சிறுசட்டியில் அவரைக்காய் வெந்துகொண்டிருந்தது. அடுப்படியில் அவர் அருகே அமர்ந்து, 1999 இல் நடந்ததைச் சொன்னோம். ஹார்லிக்ஸ் புட்டியை யாரிடம் கொடுத்தோம் என்பதையும் சொன்னோம்.

அவர் கரண்டியை நிறுத்தவில்லை. “தெரியும்ட்டி. வாங்கும்போதே திரும்பித் திரும்பிப் பாத்தியே.”

நமக்குப் பேச்சு எழவில்லை. நெடுநேரம் கழித்து, தர வேண்டிய செய்தி ஒன்று பாக்கியிருப்பது நினைவுக்கு வந்தது. “அந்த அக்கா, ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு உங்ககிட்டச் சொல்லச் சொன்னாங்கம்மா. பிள்ளைங்க அடிச்சுக்கிட்டுச் சாப்பிட்டுச்சாம்.”

தாயார் முதன்முறையாகத் திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “அப்பிடியா சொன்னா? அந்த வருசம் நெத்திலி நல்லாக் காஞ்சிருந்துச்சு” என்றார். பிறகு சிறுசட்டியை இறக்கி, நம் தட்டில் அவரைக்காயை எப்போதும்போலச் சற்று அதிகமாகவே வைத்தார்.